எதிர்முனையில் மழை

அக்டோபர் 9
மழை 41.6 மி.மீ. நேற்று மாலை 3.10க்குத் தொடங்கியது. இரவு 9 வாக்கில் விட்டது.

புது நோட்டு. பழையது நேற்றோடு முடிந்தது. ரப்பர் தோட்டத்து ஆபீசை மூடி ஆறு வருடமாகிறது, மழை எவ்வளவு என்று இப்போது யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் காலை எட்டரைக்கு மழைக் குடுவையைத் திறந்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்க்காமல் எனக்குத் தேநீர் இறங்காது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. இலங்கையில், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். பிறகு ரப்பர் மரத்தில் பால் வெட்டு. எங்களைக் கப்பலேற்றி இந்தத் தீவில் இறக்கியபோது எனக்குப் பத்தொன்பது வயது. இங்கேயும் பால் வெட்டுத்தான். மழை எழுதும் கிளார்க் ஊருக்குப் போன ஒரு வாரம், மானேஜர் என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். மூன்றாம் நாள் பார்த்துவிட்டு, "அவனைவிட உன் எழுத்து சுத்தமா இருக்கு ராமாயி" என்றார். அன்றிலிருந்து மழை என் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேல். ஒரு புள்ளி தவறியதில்லை. படித்த கிளார்க்குகள் தவறியிருக்கிறார்கள்.

ஆபீஸ் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக் 'குறிப்பு' என்று பேர். மரம் விழுந்தது, பால் கெட்டது என்று ஒரு வரி எழுதலாம். இந்த நோட்டு என் சொந்த நோட்டு. குறிப்பை வேண்டிய அளவுக்கு எழுதலாம்.

கொல்லையில் மரவள்ளி அழுகுகிறது. வாய்க்கால் வெட்ட வேண்டும். கோழி ஒன்று அடையில் இருக்கிறது.

மத்தியானம் சகாயராஜ் வந்தான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன், இப்போது போன் கோபுரத்துச் சிக்னல் அறையைப் பார்த்துக்கொள்கிறான். "ஆயா, நேத்து ராத்திரி மெட்ராஸ்லேர்ந்து பேத்தி கூப்பிட்டுச்சு. தவமணியக்காவ ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்" என்றான். தவமணி என் மகள். நெஞ்சுச் சளியாக இருக்கும் என்று சொல்லி, மரவள்ளி இரண்டு மூடு பிடுங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 11
மழை 27.0. நேற்று பகல் 11.40 முதல் 12.25 வரை, ஒரே கொட்டு.

நேற்று அந்தக் கொட்டு மழையில்தான் தர்ஷினி மறுபடி கூப்பிட்டாள். என் பேத்தி, தவமணியின் மகள். நாலு வயதில் இங்கிருந்து போனவள் இன்றைக்கு மெட்ராசில் காலேஜ் படிக்கிறாள். இந்த லயத்தில் வேறு எந்த வீட்டுப் பிள்ளையும் அவ்வளவு தூரம் போகவில்லை. "அம்மாயி, அம்மாவுக்கு நுரையீரல்ல" என்பது வரை கேட்டது. அதோடு லைன் போய்விட்டது.

சிக்னல் அறைக்கே போய்ச் சகாயராஜிடம் கேட்டேன். அவன் என்னை வெளியே கூட்டிப்போய்க் கிண்ணத்தைக் காட்டினான். கோபுரத்தின் காலடியில், வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. உள்ளே ரப்பர் இலை இரண்டு ஒட்டியிருந்தன.

"சாட்டிலைட்டு நம்ம தலைக்கு மேல நிக்கிது ஆயா. தீவுல யாரு போன்ல பேசுனாலும் இந்தக் கிண்ணத்து வழியா மேல போயி, அங்கேர்ந்து மெட்ராஸ் பக்கம் எறங்கணும். அந்த அலையோட நீளமே ஒரு அங்குலந்தான். மழை கனமா விழுந்துச்சுன்னா ஒவ்வொரு துளியும் அதுல கொஞ்சம் குடிச்சிரும், கொஞ்சத்த அங்கயும் இங்கயும் செதறி விட்டுரும். போய்ச் சேர்றப்ப மிச்சம் இருக்காது."

"அன்னிக்கு ராத்திரி நாப்பது மில்லி பேஞ்சதே. அப்ப பேச்சு வந்துச்சே."

"அது ஆறு மணி நேரம் நிதானமாப் பேஞ்சது. மொத்தம் எவ்வளவுங்கிறது அதுக்குத் தேவையில்ல. எவ்வளவு வேகமாங்கிறதுதான். நேத்து முக்கா மணியில இருவத்தேழு. தாங்குமா?"

என் மழையை எனக்கே சொல்லிக் கொடுக்கிறான். ஆனால் சரியாகத்தான் சொன்னான். முந்தானையால் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 12
மழை 3.2. தூறல்.

வாய்க்கால் வெட்டினேன். முழங்கால் வலி.

அக்டோபர் 15
மழை 18.4. இன்று விடியற்காலை 4 முதல் 6 வரை.

நேற்று பகலில் லைன் நன்றாக இருந்தது. தர்ஷினி விவரம் எல்லாம் சொன்னாள். நுரையீரல் சுருங்கிக் கெட்டியாகிக்கொண்டே வருகிறதாம். மருந்து இல்லையாம். மூக்கில் காற்றுக் குழாய் வைத்திருக்கிறார்கள். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை தவமணிக்கு. அவளையே இப்போது பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது.

நான் போக முடியுமா என்று சகாயராஜிடம் கப்பலைப் பற்றிக் கேட்டேன். கடல் கெட்டுக் கிடப்பதால் எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். வந்தாலும் போர்ட் பிளேயருக்கே ஒரு பகலும் ஒரு இரவும்.

தர்ஷினி தன் பாட்டுக்கு ஒன்று சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலயும் அம்மாவுக்கு அதே புத்திதான் அம்மாயி. வார்டுக் கதவச் சாத்தியாச்சான்னு மூணு தரம் கேக்குது. வீட்டுலயும் அப்படித்தான். பூட்ட மூணு தரம் இழுத்துப் பாத்துட்டுத்தான் படுக்கும். ஏன்னு கேட்டா சொல்லாது."

கஞ்சி குடிக்கிறாளா என்று கேட்டேன்.

"நாளைக்கு நாலு மணிக்கு அம்மாகிட்ட போனக் குடுக்கிறேன். பேசுங்க. பதினாலு வருசமா நீங்க ரெண்டு பேரும் என்னைய வெச்சுத்தான் பேசிக்கிறீங்க. எனக்கே அலுத்துருச்சு."

சரி என்றேன்.

இன்று நாலு மணிக்குப் போகவில்லை. மழையில் லைன் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடு என்று சகாயராஜுக்குச் சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 16
மழை 0.0.

அக்டோபர் 18
மழை 0.8.

நேற்றும் தர்ஷினி நாலு மணிக்குக் கூப்பிட்டாளாம். நேற்றும் மழை என்று சொல்லச் சொன்னேன். இன்றைக்குச் சகாயராஜ் வாசலில் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஜன்னலோரம் இருந்த இந்த நோட்டை எடுத்துப் புரட்டினான்.

"பதினாறாந் தேதி பூஜ்யம். இன்னிக்கு அடிச்சுப் புடிச்சுப் புள்ளி எட்டு. இதுக்கா ஆயா லைன் போச்சு?"

"நோட்டக் கீழ வை."

"ஒங்க மழைய நீங்களே பொய்யாக்குறீங்க. ஊருக்கு ஒரு மழை, நோட்டுக்கு ஒரு மழையா? அந்தக்கா ரெண்டு நாளும் போனக் கையில வெச்சுக்கிட்டுக் கெடந்துச்சாம்."

எனக்கு அவன் பேசிய தோரணை பிடிக்கவில்லை. மழையை நான் பொய்யாக எழுதியதே கிடையாது. சொன்னது வேறு, எழுதியது வேறு. அவனுக்கு அது புரியாது.

அக்டோபர் 21
மழை 12.2. அதிகாலையில்.

தவமணியிடம் பேசினேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

சிக்னல் அறையில் கம்ப்யூட்டரில் முகமும் தெரியும். தலை நரைத்திருக்கிறது. நாற்பது வயதுக்கு இவ்வளவு நரை எங்கள் வீட்டில் கிடையாது, அவள் அப்பா வீட்டு வழி.

"அம்மா" என்றாள்.

"சாப்டியா?"

"கஞ்சி குடிச்சேன். நீங்க?"

"மரவள்ளி."

"முழங்கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். பேச்சு மேலே போய் இறங்க நேரமாவதால் நான் கேட்டதற்கு அவள் பதில் சற்றுத் தள்ளித் தள்ளி வந்தது. அது லைனால் மட்டும் இல்லை.

கடைசியில் கேட்டாள்: "வீட்டப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

பூட்டியிருக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 24
மழை 55.0. நேற்று 1.15 முதல் 4.40 வரை.

பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். எழுதுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

கடல் ஏறி வந்த அன்று காலையில் நாங்கள் கீழ் லயத்தில் இருந்தோம். முதலில் நிலம் ஆடியது, பிறகு கடல் பின்வாங்கியது. நான்தான் எல்லோரையும் மேட்டுக்கு ஓடச் சொன்னேன். தவமணி தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினாள். அவள் புருஷன் அதற்கு முன்னமே எங்கேயோ போய்விட்டவன், அவனைப் பற்றிப் பேச்சில்லை. நானும் தவமணியின் அப்பாவும் பின்னால் வந்தோம். பாதி வழியில் அவர் திரும்பி வீட்டுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

மூன்றாம் நாள் பேர் எழுத அதிகாரிகள் வந்தார்கள். "மேட்டுக்கு வந்த மனுசன் ஏன் கீழ போனார்?" என்று ஒருவர் கேட்டார். மகள் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டாள், அதைப் பூட்டப் போனார் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். தவமணி பக்கத்தில்தான் நின்றாள். "நான் கதவச் சாத்தலயா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பதற்றம், அவளுக்கு நினைவில்லை.

அப்போது என்னால் எதுவும் யோசிக்க முடியவில்லை. சொன்னதைப் பிறகு மாற்ற முடியவில்லை. ஆறு மாதம் அவள் மேட்டில் போட்ட தகரக் கொட்டகையின் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு பிள்ளையோடு கப்பலேறிவிட்டாள்.

என்னிடம் இருக்கும் மழைக் கணக்கு 2005 முதல். அதற்கு முந்திய பதிவேடுகள் கடலோடு போயின. இருபத்தைந்து வருடத்து எழுத்து.

அக்டோபர் 27
மழை 9.6.

டாக்டர் சொன்னதைத் தர்ஷினி சொன்னாள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டும். காது கேட்கும், கையால் எழுதுவாள், ஆனால் பேச்சு வராது. அதற்குப் பிறகு எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. இருபத்தொன்பதாம் தேதி காலையில் செய்வதாக இருக்கிறார்கள்.

"அதுக்கு முன்னாடி ஒங்க கூட ஒரு மணி நேரம் பேசணும்னு அம்மா சொல்லுது. ஏதோ கேக்கணுமாம்."

எனக்கும் பேச வேண்டியது இருக்கிறது என்றேன். நானே எதிர்பார்க்காமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"இப்பவே குடுக்கட்டுமா அம்மாயி? முழிச்சிட்டுத்தான் இருக்கு."

வெளியே மேகம் கட்டிக்கொண்டு வந்தது. பாதியில் அறுந்துபோகிற பேச்சு இல்லை இது. பொறு என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து வந்து சிக்னல் அறை மேசையில் பரப்பினேன். தொடங்கிய நேரம், விட்ட நேரம் இரண்டும் ஒவ்வொரு நாளுக்கும் எழுதியிருக்கிறேன். இந்த மாதக் கடைசியில் மூன்று நாள் கொட்டினால் அதற்கு மறுநாள் வெளுக்கும். பதினான்கு வருடத்தில் பதினொரு தடவை அப்படித்தான். 28, 29, 30 கொட்டும். 31 காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை சொட்டு விழாது. டாக்டரிடம் சொல்லி ஆபரேஷனை 31 மத்தியானத்துக்குத் தள்ளச் சொன்னேன்.

"இப்பப் பேசுங்க ஆயா. லைன் சுத்தமா இருக்கு. மழைக்கு நடுவுலயும் பத்து நிமிசம் பத்து நிமிசமா வரும்" என்றான் சகாயராஜ்.

"ஒனக்குக் கிண்ணந்தான் தெரியும். மழைய எங்கிட்ட விடு."

தர்ஷினி டாக்டரிடம் அழுது கேட்டு, இரண்டு நாள் வாங்கிவிட்டாள். மேகம் வந்ததே தவிர, சாயந்திரம் வரை இறங்கவில்லை.

அக்டோபர் 29
மழை 72.4. நேற்று முழுக்க.

சொன்னேன், கொட்டுகிறது. சகாயராஜுக்கு ஆள் அனுப்பி அளவைச் சொல்லச் சொன்னேன்.

அக்டோபர் 30
மழை 80.2.

கோழி அடையை விட்டு எழுந்துவிட்டது. முட்டையெல்லாம் கூழ்.

அக்டோபர் 31
மழை 21.0. விடியற்காலை 5.20க்கு விட்டது.

காலை எட்டரைக்கு அளவெடுத்தபோது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். முதல் வார்த்தை மட்டும் அமையவில்லை.

ஒன்பது மணிக்கு லைன் இல்லை. சகாயராஜ் பெட்டியை அணைத்துப் போட்டான். கிண்ணத்தைத் துடைத்தான். கம்பியை எல்லாம் கழற்றி மாட்டினான். ஒன்பதரைக்கும் இல்லை.

"வெளிய பாருடா. ஒரு துண்டு மேகம் இருக்கா? ஒங்க மெசினுதான் கெட்டுப்போச்சு."

"மெசின் நல்லாத்தான் இருக்கு ஆயா." அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். "நம்ம கிண்ணத்துலேர்ந்து மேல போகுது. மேலேர்ந்து எறங்க வேண்டிய எடம் மெட்ராஸ் பக்கம். அங்க கொட்டுதுன்னா இங்க வெயிலடிச்சு என்ன? அங்க நேத்துலேர்ந்து பேய்மழையாம். காலையில ரேடியோவுல சொன்னான்."

"நீ ஏன் அன்னிக்கே சொல்லல?"

"எனக்கு அங்கத்திய மழை தெரியுமா? நீங்க பதினாலு வருச நோட்டப் பரப்பினீங்க, நான் வாய மூடிக்கிட்டேன்."

என் நோட்டில் இருப்பது இந்தத் தீவின் மழை. இங்கே ஒரு சாண் அகல இடத்தில், ஒரு குடுவையில் விழுந்தது. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி விழும் மழைக்கு நான் பக்கம் ஒதுக்கவில்லை.

ஒன்பதிலிருந்து நாலு மணி வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து என் காலைத் தாண்டிச் சுவருக்குப் போனது. சகாயராஜ் தேநீர் கொண்டுவந்து வைத்தான். ஆறிப்போயிற்று.

நவம்பர் 1
மழை 0.0.

நேற்று மாலை ஆறரைக்கு லைன் வந்ததாம். தர்ஷினி சொன்னதைச் சகாயராஜ் வீட்டுக்கு வந்து சொன்னான். அங்கே தெருவில் முழங்கால் தண்ணீர். தவமணி பன்னிரண்டு மணி வரை போனைப் பிடித்துக்கொண்டு இருந்தாளாம். டாக்டர் அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார். கூட்டிப் போகும்போது, "அம்மா மழைய எப்பவும் தப்பாச் சொல்லாது, கொஞ்சம் பொறுங்க" என்று தள்ளுவண்டியில் படுத்தபடி நர்சிடம் கேட்டாளாம்.

அவள் வாயால் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று தர்ஷினி சொன்னாளாம்.

நவம்பர் 2
மழை 6.0.

விறகு நனைந்துவிட்டது. அடுப்பு பிடிக்கவில்லை.

நவம்பர் 4
மழை 14.8. இது காலை அளவு. மற்றது நாளைக் கணக்கில் வரும்.

இன்று மழைக் கணக்கு எதையும் பார்க்கவில்லை. மேகம் இருண்டுதான் இருந்தது. அளவெடுத்த கையோடு சிக்னல் அறைக்குப் போய், "இப்பவே கூப்பிடு" என்றேன்.

பதினொரு மணிக்கு முகம் வந்தது. கழுத்தில் வெள்ளைத் துணி, அதிலிருந்து குழாய். கண் பெரிதாகிவிட்டது. மடியில் ஒரு காகித அட்டையும் பேனாவும். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள்.

"காது கேக்குது, பேசுங்க அம்மாயி" என்று தர்ஷினி பின்னாலிருந்து சொன்னாள்.

மழை விழ ஆரம்பித்தது. குடையை எடுத்துக்கொண்டு சகாயராஜ் வெளியே ஓடினான். கிண்ணத்து முனையில் தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பேசுங்கள் என்றான். ஜன்னலுக்கு வெளியே அவன் முதுகு தெரிந்தது.

நான் மரவள்ளி அழுகியதைச் சொன்னேன். கோழியைப் பற்றிச் சொன்னேன். முப்பதாம் தேதி எண்பது மில்லி என்று சொன்னேன். எதற்கு அதையெல்லாம் சொன்னேன் என்று தெரியவில்லை. "தவமணி, ஒனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றேன். அவள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாள். அப்படியே கண் கொட்டாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படி அசையாமல் கேட்டது எனக்குச் சொல்லத் தெம்பாக இருந்தது.

கதவை நீ சாத்தினாய் என்று சொன்னேன். சாத்தி, கொண்டியும் போட்டாய், நான் பார்த்தேன். ஒன் அப்பாவைத் திருப்பி அனுப்பியது நான். பெஞ்சு மேல் மழைப் பதிவேடு இருக்கிறது, ஆபீசில் என்னைக் கேட்பார்கள், ஓடிப்போய் எடுத்து வாருங்கள் என்றேன். அவர் முதலில் மாட்டேன் என்றார். இத்தனை வருடம் ஒரு நாள் தவறாமல் எழுதியிருக்கிறேன், ஒங்களுக்கு அதன் அருமை தெரியுமா என்று கத்தினேன். பிறகுதான் போனார். அதிகாரி கேட்டபோது அதை வாயால் சொல்ல முடியாமல் கதவு என்று சொல்லிவிட்டேன். நீ பூட்டு இழுத்துப் பார்ப்பதெல்லாம் என்னால் வந்தது. இவ்வளவும் சொன்னேன். மன்னித்துவிடு என்பதையும் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம் என்று நினைத்தேன். "ஏதாச்சும் எழுதிக் காட்டு" என்றேன். கை பேனாவைத் தொட்டபடியே இருந்தது.

சகாயராஜ் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். திரையைப் பார்த்தான், பெட்டியில் விளக்கைப் பார்த்தான்.

"ஆயா, படம் நின்னுருச்சு."

"எப்ப?"

ஏதோ தட்டிப் பார்த்தான். "பதினொண்ணு ஏழுக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபத்தாறு.

ஏழாவது நிமிடத்தில் நான் எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று யோசித்தேன். எண்பது மில்லி என்றேனா, ஒன்று சொல்லணும் என்றேனா. அவன் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருந்தான். எவ்வளவு கேட்டான் என்று நான் கேட்கவில்லை. ஈரக் கையோடு என் தோளைப் பிடித்தான். தட்டிவிட்டேன்.

நவம்பர் 5
மழை 118.6. இந்தக் குடுவையில் இதுவரை விழுந்ததில் இதுதான் அதிகம்.

லைன் இல்லை.

நவம்பர் 6
மழை 94.0.

லைன் இல்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, ஏறித் தாண்டினேன்.

நவம்பர் 7
மழை 61.2.

கோபுரத்துக்குக் கரண்டும் இல்லை. சகாயராஜ் ஜெனரேட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறான்.

நவம்பர் 8
மழை 2.4.

காலை பத்து மணிக்கு லைன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். சகாயராஜின் போன் ஒன்றன்பின் ஒன்றாக நாலு தடவை சத்தம் போட்டது. நாலு நாளாக மெட்ராசில் நின்றுபோயிருந்தவை இப்போது வரிசையாக இறங்கின. கண்ணாடி கொண்டுவராததால் அவனை வாசிக்கச் சொன்னேன்.

முதலாவது நாலாம் தேதி மத்தியானம் அனுப்பியது. ஒரு காகிதத்தின் படம். எழுத்து தவமணியுடையது, வரி கோணிக் கோணிப் போயிருந்தது. "அம்மா ஒண்ணு சொல்லணும்னு சொன்னுச்சு. அதோட நின்னுருச்சு. என்னன்னு கேளு."

இரண்டாவது ஐந்தாம் தேதி: "அம்மாயி, அம்மா திரும்பத் திரும்ப அதே பேப்பரக் காட்டுது. லைன் வந்ததும் சொல்லுங்க."

மூன்றாவது ஆறாம் தேதி: "அம்மாவால எழுத முடியல. போன் அடிச்சாக் கண்ணத் தொறந்து என்னையப் பாக்குது."

நாலாவதை அவன் வாசிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"நேத்துக் காலையில ஆயா. அஞ்சே முக்காலுக்கு."

அதற்கு மேல் என்ன பேசினோம் என்று நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் தர்ஷினியே கூப்பிட்டாள். முகம் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று சொன்னேன். அழவில்லை அவள், அழுது முடித்திருந்தாள். எல்லாம் செய்தாகிவிட்டது, அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் கூட நின்றார்கள் என்றாள். நான் கேட்டுக்கொண்டேன்.

பிறகு கேட்டாள்: "என்ன சொல்ல வந்தீங்க அம்மாயி? மூணு நாளா அம்மா அதையேதான் கேட்டுச்சு. எனக்காச்சும் சொல்லுங்க."

சகாயராஜ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லிருங்க ஆயா" என்று வாய்க்குள் சொன்னான்.

பதினெட்டு வயதுப் பிள்ளை. அவளுக்கு இனிமேல் இருப்பது நான் ஒருத்திதான்.

"ஒண்ணுமில்லடி. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லலாம்னு வந்தேன்" என்றேன்.



"அவ்வளவுதானா?" என்றாள். "அதுக்கா அம்மா அப்படிக் காத்துக்கிட்டுக் கெடந்துச்சு?"

லைன் சுத்தமாக இருந்தது. அவள் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.